சலவைக்கூடத்துச் சித்தியும் மூன்று மலை ராஜாவும்

எங்கள் குடும்பத்திலேயே பெரிய தொண்டை சித்திக்குத்தான். அம்மாவின் தங்கை. தெருமுனை திரும்பிவிட்ட பேருந்தைக் கூப்பிட்டே நிறுத்தியவள். அப்படிப்பட்டவள் பிழைப்புக்குப் போன இடத்தில் அந்தத் தொண்டையால் எந்தப் பிரயோஜனமும் இருக்கவில்லை.

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் அது. கட்டடத்தின் பின்பக்கம், பாதி நிலத்துக்குக் கீழே. ஒரு சுவரோரம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் உருளைகள். எதிர்ச்சுவரில் பிழியும் இயந்திரங்கள். நடுவில் நீளமான உருளை இஸ்திரி. ஈர விரிப்பை ஒரு பக்கம் ஊட்டினால் மறுபக்கம் சுடச்சுட, தட்டையாக வெளியே வரும். எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார்கள் என்ற கணக்கில் மேற்பார்வையாளர் அங்கே காது கேளாதவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்திருந்தார். இஸ்திரிப் பக்கம் நின்றவர்களில் காது கேட்பவள் சித்தி ஒருத்திதான்.

முதல் வாரம் முழுக்கக் கத்தினாளாம். சித்தப்பா அதை இன்றும் ஆசையோடு சொல்வார்.

"அந்த ஒரு வாரம் வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா? சாயங்காலம் வந்தா தொண்டையே இருக்காது. அந்த மேற்பார்வையாளருக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கலாமான்னு நினைச்சேன்."

"வாங்கிக் குடுத்திருந்தா உங்களையும் சேர்த்து உருளையில போட்டிருப்பேன்" என்பாள் சித்தி.

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர். நான்கு கைகளும் துணியைப் பிடித்திருக்கும். பேச்சுக்குக் கையே இல்லை. புருவத்தாலும் உதட்டாலும்தான் பேச வேண்டும். இரண்டு பேரும் நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, ஒருவர் மற்றவரிடம் துணியைக் கொடுத்துவிடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் ஒருவருக்குக் கை காலியாகும். சித்தியின் எதிரே நின்றவர் அந்தக் கணத்தில் ஒரு சொல்லைக் காட்டுவார். அடுத்த விரிப்பில் சித்தி அதைத் திருப்பிக் காட்டுவாள். ஒரு விரிப்புக்கு ஒரு சொல். இப்படித்தான் அவள் சைகை மொழியைக் கற்றாள். ஆரம்பத்தில் எதிரே நின்றவரிடம், "உங்கம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க நினைத்து, "உங்கம்மாவை எப்போ துவைக்கப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். இஸ்திரி அன்று கால் மணி நேரம் ஆளில்லாமல் ஓடியது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்படி எதிரே நின்றவர்தான் மடிப்பு அக்கா. அவர் மடித்த விரிப்பில் முனைகள் மயிரிழைகூடப் பிசகாது என்பதால் அந்தப் பெயர். காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்துப் பெயரால் அழைப்பதில்லை. ஆளுக்கொரு சைகை வைத்திருப்பார்கள். அக்காவுக்கு, இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவது. சித்திக்கு, ஒற்றைப் புருவத்தைச் சுண்டி ஏற்றுவது. நான் நாலைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றி, கப்பல் சமையலறை, பழத்தோட்டம், விடுதி வரவேற்பு மேசை என்று எதிலும் கால் தரிக்காமல் திரும்பி வந்து சித்தி வீட்டில் தங்கியபோது, எனக்கும் முதல் நாளே ஒன்று கிடைத்தது. சக்கரப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது.

"அடுத்து எப்போ கிளம்பறாளாம்னு கேக்கறாங்க" என்று சித்தி மொழிபெயர்த்தாள்.

"வந்து ஒரு நாள்கூட ஆகல சித்தி!"

"அதையும் சொன்னேன். அதனாலதான் கேக்கறாங்களாம்."

மடிப்பு அக்கா கையால் சொன்னதை எல்லாம் இங்கே நாம் வாயால் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். அவர் பேச்சில் இருந்த குத்தலுக்கு வேறு வழி தெரியவில்லை.

சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற ஜெபக்கூடத்துக்கு அக்காவை ஒருமுறை அழைத்துப் போனாள். அவரோடு இன்னும் சிலர் வந்தார்கள். அவர்கள் வழியாக வேறு சிலர். பிரசங்கத்தையும் பாட்டையும் சித்தி கைகளால் சொன்னாள். இவர்களில் பலர் முன்பு வேறொரு கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அங்கே அவர்களை முதலில் வராந்தாவில் உட்கார வைத்தார்கள், பிறகு அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள், அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. கூட்டம் சிதறிப்போனது. அவர்களில் ஒரு வயதான மரவேலைக்காரர் அதற்குப் பிறகு எந்தக் கூடத்துக்கும் போகாமலே இறந்துபோனார். அந்தக் கதையைக் கேட்ட அன்று சித்தி அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "இங்க அப்படி நடக்காது. நான் இருக்கேன்."

சொல்லிவிட்டாள். அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாகிப் போனது.

ஜெபக்கூடத்தில் பொருளாளர் என்று ஒருவர் இருந்தார். குழாய்ச் சாமான்கள் விற்கும் மொத்தக் கடைக்காரர். கெட்டவர் இல்லை. கூரை ஒழுகினால் ராத்திரியே ஏணியோடு வந்து நிற்பவர். ஆனால் எல்லாம் வரிசையாக, நேராக, சத்தமில்லாமல் இருக்க வேண்டும் அவருக்கு. சட்டைப்பையை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வார். அங்கே பேனா இருக்கிறதா என்று. காது கேளாதவர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்: நெஞ்சில் இரண்டு தட்டு.

முதலில் இவர்கள் முன்வரிசையின் இடது மூலையில் உட்கார்ந்தார்கள். சித்தி தூணோரம் நின்று கைகளால் சொல்வாள். பொருளாளருக்கு அது உறுத்தியது. ஆராதனையைப் படம்பிடித்து வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒளிபரப்ப அப்போதுதான் ஒரு கேமரா வாங்கியிருந்தார். போதகரைப் படம்பிடித்தால் ஓரத்தில் ஒரு கை பறந்துகொண்டே இருக்கிறது என்றார். இவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடத் தரையைத் தட்டுகிறார்கள், சிரித்தால் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை என்றார். பக்கத்தில் ஓர் அறை இருந்தது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கானது. கண்ணாடித் தடுப்பும், கூடத்தில் நடப்பதைக் காட்டும் திரையும் உண்டு. அங்கே போகச் சொன்னார்.

போனார்கள். நான் ஊர் திரும்பியபோது அந்த அறையில்தான் இருந்தார்கள். மருத்துவர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். உள்ளே கலகலவென்றிருந்தது. அழுகிற குழந்தைகள் இவர்கள் கைகளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தின. தாய்மார்கள் ஒன்றிரண்டு சைகைகளைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை தண்ணீர் வேண்டும் என்று கையால் கேட்டதாம். அதன் அம்மா அந்தச் செய்தியைப் போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். கைக்குழந்தை இல்லாதவர்களும் உள்ளே வர ஆரம்பித்தார்கள். அப்பாக்கள் வந்தார்கள். கூடத்தில் நடுவரிசைகள் காலியாகவும் குழந்தைகள் அறையில் நிற்க இடமில்லாமலும் ஆகிவிட்டது.

பொருளாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப்பைக்குப் போயிற்று.

அடுத்த வாரம் சித்தியைக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"இது சரிப்பட்டு வராதும்மா. மேல பால்கனி சும்மா கிடக்கு. உங்க ஆளுங்க எல்லாரும் அங்க போயிடட்டும். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"என் ஆளுங்க இல்ல சார். நம்ம ஆளுங்க."

"சரி, நம்ம ஆளுங்க. மேல போகட்டும்."

"வேதவாசிப்பு ஞாயிறுக்கு மடிப்பு அக்காவே பாடத்தைக் கையால சொல்றதா போதகர் ஒத்துக்கிட்டிருக்கார். அது?"

"அது நடக்கட்டும். அன்னைக்கே ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி. இது இப்படியே தொடரணுமா, இல்ல அவங்களுக்குத் தனியா மாசத்துக்கு ஒரு நாள் வச்சுக்கலாமான்னு அன்னைக்கு முடிவு பண்ணிடலாம்."

மாதத்துக்கு ஒரு நாள் என்றதும் சித்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். வராந்தாவும் அடுத்த மாதமும் எனக்கே நினைவுக்கு வந்தபோது அவளுக்கு வராமல் இருக்குமா? வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய தொண்டை பூட்டிக்கிடந்தது எனக்குப் பயமாக இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை, கூடத்தில் ஒருவர் மேடையேறி வேதத்திலிருந்து ஒரு பாடம் சொல்லும் நாள்தான் வேதவாசிப்பு ஞாயிறு. அந்த வருடத்துக்கான பாடம் பிலேயாமின் கதை. போதகர் தேர்ந்தெடுத்ததில்லை, எப்போதோ போட்ட வரிசைப்படி அந்த ஞாயிற்றுக்கு அதுதான் வந்து விழுந்தது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்திலிருந்து வந்து ஒரு சமவெளியில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். பக்கத்து நாட்டு ராஜா பாலாக்குக்கு அவர்களைக் கண்டால் கிலி. சண்டைக்குப் போவதற்கு முன்னால் சாபம் போட்டுவிடலாம் என்று, வாக்குப் பலிக்கும் ஒருவனைத் தூரதேசத்திலிருந்து வரவழைக்கிறான். அவன்தான் பிலேயாம். வழியில் வாளோடு நிற்கும் தேவதூதன் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் ஏறிவந்த கழுதைக்குத் தெரிகிறது. கடைசியில் ராஜா அவனை ஒரு மலைமேல் கொண்டுபோய்ச் சபிக்கச் சொல்கிறான். அவன் வாயைத் திறந்தால் ஆசீர்வாதம் வருகிறது. ராஜா விடவில்லை. இந்த மலை சரியில்லை, வேறு மலையிலிருந்து பார் என்கிறான். அங்கேயும் ஆசீர்வாதம். மூன்றாவது மலை. அங்கே இன்னும் பெரிய ஆசீர்வாதம்.

ஒத்திகை சலவைக்கூடத்தில்தான் நடந்தது, வேலை முடிந்த பிறகு. இயந்திரங்கள் நின்றிருந்தன. துணி தள்ளும் வண்டிகள் மூன்றை அக்கா மூன்று மூலைகளில் நிறுத்தினார். அழுக்குத் துணி வண்டி முதல் மலை. ஈரத் துணி வண்டி இரண்டாவது. மடித்த துணி வண்டி மூன்றாவது.

கழுதையை அக்கா செய்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன். இரண்டு கைகளும் காதுகளாகின. தேவதூதனைப் பார்த்ததும் அந்தக் காதுகள் பின்னால் படிந்தன. முதுகில் உட்கார்ந்திருப்பவன் அடிக்கிறான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கழுதை திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அந்தப் பார்வையை அக்கா பல வருடம் பல மேற்பார்வையாளர்களிடம் பழகிப் பெற்றிருக்க வேண்டும்.

"எங்க ஆளுங்களுக்கு இந்தக் கழுதையை ரொம்பப் பிடிக்கும்" என்றார் அக்கா. "அதுக்குத்தான் கண்ணு இருந்துச்சு."

பிலேயாம் வாயால் சபிக்கிறவனாக இல்லை, கையால் சபிக்கிறவனாக மாறியிருந்தான். முஷ்டியை ஓங்கிச் சமவெளியை நோக்கி எறிவான். பாதி வழியில் அந்த முஷ்டி தானாகத் திறந்துகொள்ளும். விரல்களிலிருந்து விதை தூவுகிற மாதிரி எதுவோ விழும். அவன் இன்னொரு கையால் அந்த விரல்களைப் பிடித்து மூடப் பார்ப்பான். முடியாது. அக்காவின் வலது கையும் இடது கையும் மல்லுக்கு நின்றன. கடைசியில் இரண்டுமே திறந்துகொண்டன. அவர் முகத்தில் இருந்த திகைப்பைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கையே தனக்குச் சொந்தமில்லை என்று தெரிந்துகொண்டவனின் முகம் அது.

ராஜா இரண்டாவது மலையிலிருந்து மூன்றாவது மலைக்கு விறுவிறுவென்று நடந்தான். ஈரத் துணி வண்டியிலிருந்து மடித்த துணி வண்டிக்கு. பாதி தூரத்தில் அக்கா நின்றுவிட்டார். சித்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, விரல் விட்டு எண்ணிக் காட்டினார். முன்வரிசை மூலை. குழந்தைகள் அறை. பால்கனி.

சித்தியின் புருவம் ஏறியது.

அக்கா திரும்பி ராஜாவாக நின்றார். மலையை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார்.

"ஐயோ, வேண்டாம்! அக்கா, வேண்டாம்!" சித்தி வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் அலறினாள். "அன்னைக்குத்தான் கமிட்டி. இதை மட்டும் மேடையில பண்ணிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"ஏன்? பொய்யா?"

"பொய் இல்ல. அதான் பயமா இருக்கு."

அக்கா மடித்த துணி வண்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றார். "அந்த ராஜாவுக்குக் கடைசியில என்ன ஆச்சு? இடி விழுந்துச்சா?"

"இல்ல. வீட்டுக்குப் போயிட்டான்."

"கீழ கூடாரத்துல இருந்தவங்களுக்கு மலையில நடந்தது தெரியுமா?"

சித்தி யோசித்தாள். "தெரியாது. அவங்க பாட்டுக்குச் சமைச்சுக்கிட்டு, துவைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க."

"சாபமும் கேக்கல. ஆசீர்வாதமும் கேக்கல."

"கேக்கல."

"ஆனா வந்து சேர்ந்துச்சு" என்றார் மடிப்பு அக்கா. "காதில்லாதவங்களுக்கு இதைவிட நல்ல கதை வேதத்துல எங்க இருக்கு, சொல்லு?"

நான் பல இடங்களில் பல பேரின் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். ஊர் சுற்றுகிறவளுக்கு இலவசமாகக் கிடைக்கிற பொழுதுபோக்குகளில் அதுவும் ஒன்று. கடவுளின் ஆளுகையைப் பற்றிப் பெரிய சொற்களில் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஆசீர்வாதத்தைப் பெறுகிறவன் அதைக் கேட்டிருக்க வேண்டியதுகூட இல்லை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தியிடம் கேட்டேன்.

"எல்லா தடவையும் இப்படித்தானா சித்தி? எதிர்க்கிறவன் கையே திறந்துக்குமா? அப்ப அந்தப் பழைய கூடத்துல என்ன ஆச்சு? அந்த மரவேலைக்காரர்?"



"தெரியல. எனக்கு எல்லாம் தெரியும்னு நான் எப்போ சொன்னேன்? அவரை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. ஆனா ஒண்ணு. பாலாக் ஜெயிச்சிருந்தா, இந்தக் கதையை அவன்தான் எழுதியிருப்பான். எழுதல. நமக்குத் தெரியறது அவ்வளவுதான். அதை வச்சுக்கிட்டு நடக்க வேண்டியிருக்கு."

பால்கனிக்கு மாறிய முதல் ஞாயிறு வேதவாசிப்பு ஞாயிறாகவே அமைந்தது. காலையில் சீக்கிரமே போனோம். சித்தி பழையபடி தூணோரம் போய் நின்று மேலே பார்த்தாள். மேலே யாரையும் காணோம். பால்கனியின் மரத் தடுப்பு மறைத்தது. கொஞ்சம் நகர்ந்தாள். அங்கேயும் மறைத்தது. மேலேயிருந்து ஒரு கை மட்டும் தடுப்புக்கு மேலே எழுந்து, முன்னால் போ, முன்னால் போ என்றது. சித்தி முன்னால் போனாள். இன்னும் முன்னால். கடைசியில் பிரசங்க மேடையின் முதல் படிக்கட்டில் முட்டி நின்றாள். மேலே ஏறு என்றது கை.

பால்கனியிலிருந்து பார்த்தால் கூடத்தில் தெரிகிற ஒரே இடம் அந்த மேடைதான்.

போதகர் ஏற்கெனவே மேலே நின்றுகொண்டிருந்தார். "வாங்க, வாங்க. இப்படி என் பக்கத்துல நில்லுங்க" என்றார்.

கேமராவோடு கீழே நின்ற பொருளாளரின் முகத்தை நான் மறக்க மாட்டேன். காது கேட்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. ஆளை எவ்வளவு தூரம் தள்ளி உட்கார வைக்கிறோமோ அவ்வளவு குறையும் சத்தம் என்று குரலுக்குப் போடுகிற கணக்கைக் கைக்கும் போட்டுவிட்டார். கை அப்படி இல்லை. பார்க்கிறவர்கள் தூரமாகப் போகப் போக, கை உயரமான இடத்துக்கு வந்தாக வேண்டும். மூலையில் ஒளிந்திருந்த சித்தியை மேடையில் ஏற்றி, அத்தனை பேருக்கும் முன்னால், தன் கேமராவின் நட்டநடுவில் நிறுத்தியவர் அவரேதான். அது மட்டுமில்லை. பால்கனித் தரை பழைய மரப்பலகை. இசை தொடங்கியதும் அதிர்வு அவர்கள் உள்ளங்காலில் ஏறியது. கீழே சிமெண்டுத் தரையில் அவர்களுக்குக் கிடைக்காதது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றதைக் கீழேயிருந்து பார்த்தேன்.

பாடம் வாசிக்கும் நேரம் வந்தது. மடிப்பு அக்கா மேடை ஏறினார். வேலைக்கு வருகிற அதே பருத்திச் சேலை, ஆனால் அவரே இஸ்திரி போட்டது. மடிப்புகள் கத்தி மாதிரி நின்றன. சித்தி ஒலிவாங்கி முன்னால் நின்று அவர் கைகளுக்குக் குரல் கொடுத்தாள். அந்தத் தொண்டைக்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா என் காதில், "அந்தக் கருவி தேவையே இல்ல, அணைச்சுடச் சொல்லு" என்றார்.

கழுதைக்குக் கூடமே சிரித்தது. கைகள் மல்லுக்கு நின்றபோது ஒரு சத்தமில்லை. ராஜா முதல் மலையிலிருந்து இரண்டாவது மலைக்கு நடந்தான். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் திரும்பினான். சித்தியின் குரல் லேசாக நடுங்கியது. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது ஏனென்று தெரியும். அக்கா ஒத்திகையில் நின்ற அதே இடத்தில் நின்றார். கையை மலைப்பக்கம் நீட்டினார்.

நெஞ்சில் இரண்டு தட்டு.

பால்கனி வெடித்தது. தரைப்பலகை தடதடவென்று அதிர்ந்தது. சைகை பழகியிருந்த தாய்மார்கள் குழந்தைகளின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும், அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பொருளாளரும் சிரித்தார். நன்றாக வருகிறதே என்ற சந்தோஷத்தில், கேமராவிலிருந்து கையை எடுத்து, பழக்கதோஷத்தில் தன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். மேலே இருந்தவர்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் அக்கா கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு மூன்றாவது மலையின் ஆசீர்வாதம். அதை அவர் மெதுவாகச் செய்தார். கூடாரங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நீரோடும் கரைகள் வந்தன, மரங்கள் வந்தன. கடைசியில் முஷ்டி எங்கேயும் இல்லை. திறந்த கைகள் மட்டும் இருந்தன. சித்தியும் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த இடத்துக்குக் குரல் வேண்டியிருக்கவில்லை.

ஆராதனை முடிந்து கமிட்டி அறைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பொருளாளர் கதவருகில் நின்றார். அவர் மனைவி ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது. சித்தியைப் பார்த்ததும் கேட்டார்.

"அந்த ராஜா நான்தானே?"

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பின்னால் மாடிப்படியில் அக்காவும் மற்றவர்களும் இறங்காமல் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் கொடுத்த வாக்கு இந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா சார்" என்றாள் சித்தி. "நீங்கதான்."

"எனக்குத் தெரியாம எல்லாரும் சிரிச்சிருக்கீங்க."

"நீங்களும் சிரிச்சீங்க."

"நான் அவங்களைச் சபிக்கல. ஒழுங்கா இருக்கணும்னுதான் பார்த்தேன்."

"தெரியும் சார். ஆனா ஒவ்வொரு தடவை நீங்க தள்ளி வச்சதும் அவங்களுக்கு நல்லதாவே முடிஞ்சுது. அதை மட்டும்தான் அக்கா சொன்னாங்க. உங்க கையால வந்ததுன்னும் சொன்னாங்க. அதுக்கு நீங்க கோவிச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"மூணாவது மலையில அவன் கடைசியா என்ன பண்ணினான்?"

"கோவத்துல கையைத் தட்டினான். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டான்."

"அந்த ஜனங்க?"

"அங்கயேதான் இருந்தாங்க."

பொருளாளர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே இருந்த எங்களுக்கு நேரம் நகரவில்லை. சித்தி ஜன்னல் திரைச்சீலையைப் பிடித்து மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். வாய் அசையவில்லை, ஜெபித்தாளா என்று நான் கேட்கவில்லை. கதவு திறந்தபோது முதலில் போதகர்தான் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"தனி நாள் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் பால்கனி அவங்களுக்குத்தான், நீங்க மேடையிலதான். தீர்மானத்தைக் கொண்டு வந்ததே பொருளாளர்."

"அவரா? என்ன சொன்னார்?"

"இன்னொரு தடவை இடம் மாத்தறதா இருந்தா எனக்குத் தெரியாம மாத்துங்க, நாலாவது மலையில என்ன ஆகுமோன்னு எனக்குப் பயமா இருக்குன்னார்."

சித்தி போட்ட சத்தத்தில் கமிட்டி முழுக்க வெளியே வந்து பார்த்தது. அவள் யாரையும் கவனிக்கவில்லை. மாடிப்படியில் தாவி ஏறி, பாதியில் நின்றே கைகளை வீசிச் சேதியைச் சொல்லிவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், சலவைக்கூடத்தில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவள், அந்தப் படிகளில் அப்படி ஏறியதை நான் உலகத்தின் எந்த மூலையிலும் பார்த்த எதற்கும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

நானும் பின்னால் ஏறினேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அழுகை எல்லாம் ஒரு நிமிடம்தான் இருந்தது. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. தடுப்பை ஒட்டிய முதல் பலகையில் யார் உட்காருவது என்று. மூட்டுவலிக்காரர் ஒருவர் தனக்கென்றார். மடிப்பு அக்கா, மேடை ஏறியவள் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். இன்னொருவர் அடுத்த வாரத்துக்கும் சேர்த்து இப்போதே கைக்குட்டையை விரித்து இடம் பிடித்துவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்ட சித்தி, "ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க, எனக்கு இருக்கறது ரெண்டே கண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாள் இடம் பறிபோய்விடுமோ என்று பயந்து மறுபேச்சின்றி மூலைக்கு மூலை நகர்ந்தவர்கள், சொந்த வீட்டில் சண்டை போடுகிறவர்கள் மாதிரி உரிமையோடு மோதிக்கொண்டார்கள். சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது.